கோல்ட் கப் வெள்ளியா, கிராண்ட் நேஷனல் சனியா: ஃபார்ம் படிப்பவரின் உழைப்பு எங்கே பலிக்கும்?

இங்கிலாந்தின் தடை தாண்டும் குதிரைப் பந்தயப் பருவத்தில், ஒரு நாளின் பட்டியல் முழுவதையும் முன்கூட்டியே படித்து முடிவெடுக்க விரும்புகிறவர் முன்னால் இரண்டு நாட்கள் போட்டியிட்டு நிற்கின்றன. ஒன்று, மார்ச் மாதத்தில் செல்ட்னம் திருவிழாவின் நான்காம் நாளான கோல்ட் கப் வெள்ளி. மற்றொன்று, ஏப்ரலில் லிவர்பூலை ஒட்டிய எய்ன்ட்ரீயில் கிராண்ட் நேஷனல் ஓடும் சனி. ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும், அதாவது அதன் ‘ஃபார்மை’, தேடிப் படிப்பதென்றால் பல மாலைப் பொழுதுகள் அதற்கே போய்விடும் என்பதால், வேலைக்குப் போகிற ஒருவரால் இரண்டு நாட்களுக்கும் அந்த உழைப்பை முழுமையாகக் கொடுக்க முடியாது. சில பருவங்கள் இரண்டையும் பின்தொடர்ந்த பிறகு நான் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்துகொண்டேன். அதற்கான காரணங்களையும், சனிக்கிழமைக்காரர்கள் நியாயமாகவே எடுத்து வைக்கக்கூடிய மறுப்புகளையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேஷனல் உலகப் புகழ் பெற்றது. குதிரைப் பந்தயத்தை ஆண்டு முழுவதும் எட்டிப் பார்க்காதவர்களும் அன்று பெயரைப் பார்த்தோ ஜாக்கியின் சட்டை நிறத்தைப் பார்த்தோ ஒரு குதிரையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டுவார்கள். ஓடுகிற குதிரைகள் அதிகம் என்பதால் கிடைக்கிற விலையும் (கட்டிய பணத்துக்கு எத்தனை மடங்கு என்பது) பெரிது, முதலிடம் வராவிட்டாலும் பணம் கிடைக்கும் ‘பிளேஸ்’ கணக்கில் புக்கிகள் தருகிற இடங்களும் அதிகம். செல்ட்னமில் கூட்டம் சிறியதல்ல என்றாலும் அது பெரும்பாலும் விவரம் தெரிந்தவர்களின் கூட்டம். அதனால் நல்ல குதிரையின் விலை சீக்கிரமே சுருங்கிவிடும். இரண்டு களங்களும் இடப்பக்கம் திரும்புபவை. செல்ட்னமில் கடைசிப் பகுதி மேட்டில் ஏறும். எய்ன்ட்ரீயின் நேஷனல் களம் சமதளம், ஆனால் கடைசித் தடைக்கும் முடிவுக் கம்பத்துக்கும் இடையே 494 கெஜம் ஓட வேண்டும். தரை ஈரமா காய்ந்ததா என்பது இரண்டு நாட்களுக்கும் ஒரே அளவில் முக்கியமானது என்பதால், அது இந்த ஒப்பீட்டில் எந்தப் பக்கமும் சாயாது.

சாய்க்கிற காரணி எடைதான். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் வேறு எந்தக் காரணமும் என் முடிவை இந்த அளவுக்குத் தீர்மானிக்கவில்லை.

கோல்ட் கப்பில் பெண் குதிரைகளுக்குரிய சலுகை போன்றவை நீங்கலாக, எல்லாக் குதிரைகளும் 11 ஸ்டோன் 10 பவுண்டு, அதாவது சுமார் 74 கிலோ சுமந்து 3 மைல் இரண்டரை ஃபர்லாங் தூரத்தை 22 தடைகள் தாண்டி ஓடுகின்றன. நேஷனலோ ஹேண்டிகேப் பந்தயம். அதில் ஒவ்வொரு குதிரைக்கும் அதிகாரபூர்வ ஹேண்டிகேப்பர் ஒரு மதிப்பெண் கொடுத்திருப்பார். ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு ஒரு பவுண்டு என்ற கணக்கில் சுமை ஏறும். 160 மதிப்பெண் உள்ள குதிரையும் 150 மதிப்பெண் உள்ள குதிரையும் நேஷனலில் சந்தித்தால் முன்னது பத்துப் பவுண்டு கூடுதலாகச் சுமக்கும். ஹேண்டிகேப்பரின் கணக்கு சரியென்றால் இரண்டும் ஒன்றாகவே கம்பத்தைக் கடக்க வேண்டும். அதே இரண்டு குதிரைகள் கோல்ட் கப்பில் சந்தித்தால் எடை சமம். மூன்று மைல் தூரத்தில் ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய ஒரு லெங்த் (ஒரு குதிரையின் நீளம்) என்ற பொதுவான கணக்கின்படி, நல்ல குதிரை பத்து லெங்த் முன்னால் வந்தாக வேண்டும்.

இதன் பொருள் என்னவென்றால், ஃபார்ம் படிப்பவர் மாலை முழுவதும் உட்கார்ந்து கண்டுபிடிக்கிற வித்தியாசத்தை, ஹேண்டிகேப்பர் அவருக்கு முன்பே கண்டுபிடித்து ஈயக் கட்டிகளாகச் சேணத்தில் ஏற்றி வைத்துவிட்டார். ஹேண்டிகேப் பந்தயத்தில் நாம் குதிரைகளைப் பற்றிக் கருத்துச் சொல்வதைக் காட்டிலும், அந்த அதிகாரி எங்கே தவறியிருப்பார் என்பதைப் பற்றியே கருத்துச் சொல்கிறோம். அவர் அந்த வேலையை ஆண்டு முழுவதும் செய்கிறவர். நாம் மாலையில் மட்டும் செய்கிறவர்கள். கிண்டியில் பந்தயம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது, ஏனெனில் இந்தியப் பந்தயங்களில் பெரும்பாலானவை மதிப்பெண் பிரிவுகளின்படி நடக்கும் ஹேண்டிகேப்புகளே. (குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது கூட தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான், அந்தத் திறமை ஹேண்டிகேப்பில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது பந்தயம் கட்டுகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.)

வரலாறும் இதற்கு ஒத்துவருகிறது. கோல்ட் கப்பை கோல்டன் மில்லர் 1932 முதல் 1936 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. ஆர்கில் 1964 முதல் 1966 வரையும், பெஸ்ட் மேட் 2002 முதல் 2004 வரையும் மும்முறை வென்றன. அண்மையில் கேலோபின் டே ஷாம் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஃபேவரிட்டாக, அதாவது மிகக் குறைந்த விலையில் நின்றே வென்றது. சிறந்த குதிரை சிறந்த குதிரையாகவே திரும்பி வர அங்கே வழி இருக்கிறது. நேஷனலில் 1935, 1936 ஆண்டுகளில் ரெனால்ட்ஸ்டவுன் அடுத்தடுத்து வென்ற பிறகு, 2025 வரை, ரெட் ரம் 1973, 1974, 1977 ஆண்டுகளிலும், டைகர் ரோல் 2018, 2019 ஆண்டுகளிலும் மட்டுமே மீண்டும் வென்றன. வென்ற குதிரைக்கு மறு ஆண்டு சுமை கூடும் என்பதே பெரும்பாலான காரணம். ரெட் ரம் 1974-இல் 12 ஸ்டோன் சுமந்து வென்றது என்பது அதனால்தான் இன்றும் பேசப்படுகிறது. மறுபுறம், 1967-இல் ஃபாய்னாவன், 2009-இல் மோன் மோம் என நூற்றுக்கு ஒன்று விலையில் இருந்தவை வென்றிருக்கின்றன. முன்னதற்கு 23-ஆம் தடையில் மற்றக் குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி நின்றது வழிவிட்டது. எந்த ஃபார்ம் புத்தகத்திலும் அது முன்னதாகத் தெரிந்திருக்காது.

கோல்ட் கப்புக்கு வரும் பாதையும் படிக்க எளிது. நவம்பரில் ஹேடாக்கின் பெட்ஃபேர் சேஸ் (சேஸ் என்பது உயரமான தடைகள் கொண்ட பந்தயம்), டிசம்பர் 26 அன்று கெம்ப்டனின் கிங் ஜார்ஜ், அதே வாரத்தில் அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுனில் சாவில்ஸ் சேஸ், பிப்ரவரியில் அங்கேயே ஐரிஷ் கோல்ட் கப் என்று, ஒரே குதிரைகள் ஒன்றையொன்று ஏறக்குறைய சம எடையில் சந்தித்துக்கொண்டே வருகின்றன. யார் யாரை எத்தனை லெங்த்தில், எந்தத் தரையில் வென்றார்கள் என்று ஒரு தாளில் எழுதினாலே பாதிப் படம் கிடைத்துவிடும். மீதிப் பாதி கிடைக்காமல் போவதும் உண்டு. 2025-இல் சாவில்ஸையும் ஐரிஷ் கோல்ட் கப்பையும் வென்று வந்த கேலோபின் டே ஷாமை, அதே ஐரிஷ் கோல்ட் கப்பில் நான்காவதாக வந்த இனோதவேயர்திங்கின் செல்ட்னமில் தோற்கடித்தது. தாளைப் பார்த்தவர்கள் தோற்றார்கள் என்று இதைச் சொல்லலாம். ஆனால் பிப்ரவரி ஓட்டத்தின் கடைசிப் பகுதியைக் கவனித்தவர்கள், தூரம் கூடக் கூட அந்தக் குதிரை தேறும் என்பதற்கான குறிப்பை அங்கேயே பார்த்திருக்க முடியும் என்பது என் கருத்து.

சனிக்கிழமையின் பக்கம் இருக்கும் மிக வலுவான வாதம் இந்தக் குதிரையிலிருந்தே தொடங்குகிறது. நேஷனலின் எடைகள் பிப்ரவரியிலேயே அறிவிக்கப்படுகின்றன, பந்தயமோ ஏப்ரலில். இடையில் ஒரு குதிரை எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதன் சுமை கூடாது. கோல்ட் கப்பை வென்ற இனோதவேயர்திங்கின், பிப்ரவரியில் கிடைத்த எடையிலேயே நேஷனலில் ஓடியிருக்கலாம் என்பதால் பலரும் அதையே எதிர்பார்த்தார்கள். உரிமையாளர் தரப்பு அதை ஓட்டவில்லை. இரண்டையும் ஒரே பருவத்தில் வென்ற குதிரை இன்னும் 1934-இன் கோல்டன் மில்லர் ஒன்றுதான். ஆனால் 2023-இல் கோராக் ராம்ப்ளர் இந்த இடைவெளியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது: எடை அறிவிப்புக்குப் பிறகு மார்ச்சில் செல்ட்னமின் அல்டிமா ஹேண்டிகேப்பை வென்றது, உண்மை மதிப்பைவிடக் குறைந்த சுமையான 10 ஸ்டோன் 5 பவுண்டுடன் எய்ன்ட்ரீ வந்தது, ஃபேவரிட்டாகவே வென்றது. நேஷனலுக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்க முடியுமென்றால், பிப்ரவரி எடைப் பட்டியலையும் மார்ச் முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை.

இரண்டாவது வாதம் 2024-இன் மாற்றங்கள். ஓடும் குதிரைகளின் உச்ச எண்ணிக்கை 40-லிருந்து 34 ஆகக் குறைந்தது, நுழைய வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண் 125-லிருந்து 130 ஆனது, முதல் தடை தொடக்கக் கோட்டுக்கு அருகே கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டு 32 குதிரைகள் ஓடி ஒன்றுகூட விழவில்லை. சில ஜாக்கிகள் சேணத்திலிருந்து தவறியதோடு சரி. 11 ஸ்டோன் 6 பவுண்டு சுமந்த ஐ ஆம் மேக்ஸிமஸ் வென்றது. 2025-இல் 11 ஸ்டோன் 8 பவுண்டு சுமந்த நிக் ராக்கெட் வெல்ல, உச்ச எடையான 11 ஸ்டோன் 12 பவுண்டுடன் ஐ ஆம் மேக்ஸிமஸ் இரண்டாவதாக வந்தது. தரமான குதிரைகள் மேல் எடையிலும் தாக்குப்பிடிக்கும் பந்தயமாக நேஷனல் மாறிவருகிறது என்று இதைப் படிக்கலாம். இரண்டு ஆண்டு முடிவுகள் ஒரு விதியை நிறுவப் போதாது என்பதால், நான் இதை ஒரு சாத்தியமாக மட்டுமே வைத்திருக்கிறேன். மேலும், நிக் ராக்கெட்டின் விலை 33/1 என்பதை மறந்துவிடக் கூடாது. தரம் வென்றதென்றாலும் அது எந்தத் தரமான குதிரை என்பது முன்னதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைக்கும் குறைகள் உண்டு. அன்றைய பட்டியலில் கவுன்ட்டி ஹர்டிலும் மார்ட்டின் பைப் ஹர்டிலும் (ஹர்டில் என்பது தாழ்வான தடைகள் கொண்ட பந்தயம்) ஹேண்டிகேப்புகள். அயர்லாந்திலிருந்து வரும், இன்னும் முழுத் திறமையைக் காட்டாத இளம் குதிரைகள் அவற்றில் நிறைந்திருக்கும். அங்கே நான் மேலே சொன்ன அனுகூலம் எதுவும் இல்லை. அவற்றை நான் பார்ப்பேன், பணம் கட்டுவதில்லை. முதல் பந்தயமான ட்ரையம்ஃப் ஹர்டில் சம எடையில் நடந்தாலும் நான்கு வயதுக் குதிரைகளுக்கானது என்பதால் பழைய ஓட்டங்கள் மிகக் குறைவு. 2025-இல் அதற்கு முன் ஒரு ஹர்டில் பந்தயத்திலும் ஓடியிராத போனிரோஸ் நூற்றுக்கு ஒன்று விலையில் வென்றது. எழுதுவதற்கே எதுவும் இல்லாத குதிரை வெல்கிறபோது என் தாள் என்ன செய்யும்? தொழில்முறைசாரா ஜாக்கிகள் ஓட்டும் ஹன்டர்ஸ் சேஸில் என் அனுபவம் மிகக் குறைவு. அந்தக் குதிரைகளின் பெரும்பாலான ஓட்டங்கள் பாயின்ட்-டு-பாயின்ட் எனப்படும் கிராமப்புற அமெச்சூர் பந்தயங்களின் சிறிய களங்களில் நடப்பதால், அவற்றை நேரில் பார்த்தவர்களின் குறிப்பை நம்புவதே மேல். ஆக, வெள்ளியின் ஏழு பந்தயங்களில் நான் உண்மையாகவே உழைப்பது கோல்ட் கப், மூன்று மைல் ஆல்பர்ட் பார்ட்லெட் ஹர்டில், பெண் குதிரைகளுக்கான சேஸ் ஆகிய மூன்றில்தான்.

எந்தக் குதிரை வெல்லும் என்று நாளிதழ்கள் தரும் டிப்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு நாட்களுக்கும் டிப்ஸ் குவிந்து கிடக்கும். ‘நாப்’ (டிப்ஸ் தருபவரின் அன்றைய சிறந்த தேர்வு) என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பதாலேயே அதற்கு வலு கூடிவிடாது. எந்தத் தரையில், எந்தத் தூரத்தில், யாரிடம் எத்தனை லெங்த்தில் வென்றது என்று காரணம் சொல்லும் குறிப்பை எடுத்துக்கொள்ளலாம், மற்றதை விட்டுவிடலாம். பட்டியலில் பெயருக்கு முன் நிற்கும் எண் வரிசையையும் அப்படியே படிக்க வேண்டும்: விழுந்ததற்கான எஃப் எழுத்தும், பாதியில் நிறுத்தப்பட்டதற்கான பி எழுத்தும் ஒரே வகைத் தோல்விகள் அல்ல. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்து கடைசித் தடையில் விழுந்த எஃப், தூரம் தாங்காமல் நின்ற பி எழுத்தைவிட எவ்வளவோ மேல். 2025 சாம்பியன் ஹர்டிலில் முன்னணியில் வந்த ஸ்டேட் மேன் கடைசித் தடையில் விழுந்தது. அந்த எஃப் எழுத்தை மட்டும் பார்த்து அதை ஒதுக்குகிறவர் அன்று என்ன நடந்தது என்பதைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமையை முழுவதும் விட்டுவிட வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் மெர்சி நாவிஸஸ் ஹர்டில், மாகல் நாவிஸஸ் சேஸ், லிவர்பூல் ஹர்டில் என, மிக உயர்ந்த தரமான கிரேடு ஒன்று பந்தயங்கள் மூன்று இருக்கின்றன. மூன்றுமே ஹேண்டிகேப் அல்ல. செல்ட்னமில் ஓடிய குதிரைகள் சில வாரங்களில் இங்கே திரும்ப வரும் என்பதால், மார்ச் மாதம் எழுதிய அதே தாளை எடுத்து, செல்ட்னம் மேட்டில் தளர்ந்து பின்தங்கியவற்றுக்கு எய்ன்ட்ரீயின் சமதளம் உதவுமா என்பதை மட்டும் சரிபார்த்தால் போதும். நேஷனலுக்கு நான் வைப்பது பிளேஸ் சேர்த்த ஒரு சிறு தொகை. அதுவும் பிப்ரவரி எடைக்குப் பிறகு தேறிவந்த குதிரை ஏதேனும் பட்டியலில் இருந்தால் மட்டுமே.