அதே போனில் சோதித்துப் பார்த்து ஏமாந்தேன்

தையல் கடைக்காரர்களே, அளவுகளை ஆப்பில் வைத்திருந்தால் இதைப் படித்துவிட்டு போனை மாற்றுங்கள்.

என் கடைக்கு 600 பேருக்கு மேல் வாடிக்கை. ஒவ்வொருவரின் அளவு நோட்டுப் பக்கத்தையும் படம் எடுத்து ஒரு ஆப்பில் போட்டு வைத்திருந்தேன். தோள், கை நீளம், கழுத்து இறக்கம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? "எந்தப் போனிலும் திரும்பப் பெறலாம்" என்று போட்டிருந்தார்கள். வருடம் 999 ரூபாய் கட்டியதே அந்த ஒரு வரிக்காகத்தான்.

கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. பேக்கப் எடுத்தேன், ஆப்பை நீக்கினேன், மறுபடி போட்டு ரீஸ்டோர் அழுத்தினேன். போட்டோக்களைப் பார்க்க அனுமதி கேட்டது, கொடுத்தேன். எல்லாம் வந்துவிட்டது. சரி என்று போனை அழித்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். நோட்டுகளை ஏற்கெனவே ஆடி மாதம் எடைக்குப் போட்டாயிற்று.

புதுப் போனில் பெயர் வந்தது, நம்பர் வந்தது, யார் எவ்வளவு பாக்கி என்பதுகூட வந்தது. படம் இருந்த இடமெல்லாம் வெறும் சாம்பல் கட்டம்.

தம்பி சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். அவன் சொல்லித்தான் புரிந்தது. படங்கள் இவர்கள் சர்வருக்குப் போகவே இல்லை. பழைய போனுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் கிடந்திருக்கின்றன. ஆப்பை நீக்கினாலும் அந்த ஃபோல்டர் அழியாது. நான் சோதித்தபோது அங்கிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறது, அதற்குத்தான் அந்த அனுமதி. 2 ஜிபி படங்களுக்கு நாலு விநாடியில் பச்சை டிக் விழுந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கஸ்டமர் கேரில் முதலில் என் நெட் சரியில்லை என்றார்கள். அப்புறம், "ஆண்ட்ராய்டே தானாக பேக்கப் எடுக்கும் மேடம், கூகுளைக் கேளுங்கள்." ஆண்ட்ராய்டு எடுப்பது உண்மைதான், ஆனால் ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரைதான். அதைத் தாண்டினால் அந்த ஆப்பின் தரவை மேலே அனுப்பாது. இது அவர்களுக்குத் தெரியாதா? கடைசியில், படங்களுக்கு வேறு பிளானாம். பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம்.

சோதிப்பதானால் வேறு போனில் சோதியுங்கள். வீட்டில் யாருடையதையாவது வாங்கி, பழைய போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு லாகின் செய்யுங்கள். பட்டியலைப் பார்த்துத் திருப்தி அடையாமல் பழைய படம் நாலைந்தைத் திறந்து பாருங்கள். புதுப் போனில் ஒரு வாரம் வேலை ஓடட்டும், பழையதை அப்புறம் அழிக்கலாம்.

எனக்கு இப்போது தீபாவளித் துணி வர ஆரம்பித்துவிட்டது. அளவு ப்ளவுஸ் கொண்டு வாங்கக்கா என்று நேற்று ஒருவரிடம் கேட்டேன். "பதினஞ்சு வருஷமா தைக்கிறே, என் அளவு உனக்குத் தெரியாதா?" என்கிறார்.