நிலவறை விளக்கின் கீழ் நான்கு குளிர்காலங்கள்

டொரோண்டோவில் கறிவேப்பிலை வளர்ப்பவர் எவரும் செப்டம்பர் கடைசியில் வானிலை அறிக்கையைச் சற்றுப் பதற்றத்தோடுதான் கேட்பார். இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கும் என்றால் தொட்டி அன்றே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். வந்த பிறகுதான் உண்மையான தொல்லை. டிசம்பர் 21ஆம் தேதி அளவில் இங்கே பகல் 9 மணி நேரம்கூட நீடிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் 11 மணி நேரத்தைத் தாண்டும்.

எனவே விளக்கு வாங்கினேன். அதைக் கஞ்சா வளர்ப்போருக்கான கடையில்தான் வாங்கினேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. 2018 அக்டோபர் 17ஆம் தேதி கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு வீட்டில் 4 செடிகள்வரை வளர்க்கலாம். வீட்டுக்குள் செடி வளர்க்கும் விளக்கு, கூடாரம், காற்றாடி எல்லாம் மலிந்ததற்கு அவர்களே காரணம். என் பக்கத்து வீட்டுக்காரரும் சரியாக 4 செடிகள் வைத்திருக்கிறார். இலையைப் பார்த்து நோவைக் கண்டுபிடிக்க நான் கற்றது பெரும்பாலும் அவருடைய நிலவறையில்.

முதல் விளக்கு ஊதா நிறத்தில் எரிந்தது. பெட்டியில் 1000 வாட் என்று அச்சிட்டிருந்தார்கள். மின் அளவியைச் செருகிப் பார்த்தால் 110 வாட்தான் இழுத்தது. அதைக்கூட மன்னித்துவிடலாம். அந்த ஊதா வெளிச்சத்தில் எந்த இலையின் நிறமும் தெரியாது என்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை. நலமான இலையும் மஞ்சளித்த இலையும் ஒரே கருமையாகத் தெரிந்தன. மார்ச்சில் தொட்டியை ஜன்னலருகே கொண்டுபோனபோதுதான் பாதிச் செடி வெளிறியிருப்பதைக் கண்டேன்.

அடுத்த ஆண்டு 100 வாட் வெள்ளை எல்.இ.டி. பலகை ஒன்றை வாங்கினேன். இன்றும் அதுவே எரிகிறது. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு உண்டு, சத்தமில்லை, கையால் தொடும் அளவுக்குத்தான் சூடாகும். அதனுடன் வந்த அட்டவணை, செடிக்கு மேலே 30 சென்டிமீட்டரில் முழு ஒளியில் எரிக்கச் சொன்னது. அது பூக்கும் பருவத்துக் கஞ்சாவுக்காக எழுதிய அட்டவணை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றே வாரத்தில் உச்சி இலைகள் வெளிறின. கறிவேப்பிலை மஞ்சளித்தால் இரும்புச் சத்துக் குறைவு என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது. இரும்புக் கரைசல் ஊற்றினேன். பிறகு மக்னீசியம் தரும் எப்சம் உப்பு, பிறகு ஒரு கரண்டி புளித்த மோர். செடி இன்னும் வெளிறியது.

விடை தாளிப்பதற்கு இலை பறிக்கும்போது கிடைத்தது. மனைவி ஒரு ஈர்க்கை ஒடித்துவிட்டு, "இதைப் பாருங்கள், இலைமேல் இலை வரைந்திருக்கிறது" என்றாள். வெளிறிய இலை ஒன்றின் நடுவே கூர்நுனியோடு கரும்பச்சையில் இன்னோர் இலையின் வடிவம் இருந்தது. மேலிருந்த இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாகத் தங்கியிருந்தது. சத்துக் குறைவு என்றால் நிழலைக் கேட்டா வரும்? பசி முழு இலைக்கும் பொது. வெளிச்சம்தான் இப்படி எல்லை கட்டிச் சுடும்.

ஆனால் கோடை வெயிலில் மாடத்தில் நின்ற செடி, இந்த 100 வாட்டுக்கா கருகியது? இதற்குப் பதில் தெரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின. உள்ளே வந்த செடி ஒரு மாதம் மங்கிய ஜன்னலோரம் நின்று, நிழலுக்கேற்ற மெல்லிய இலைகளை விட்டிருந்தது. அவற்றைத்தான் திடீரென முழு ஒளியில் நிறுத்தினேன். போதாக்குறைக்குத் தொட்டி நிலவறையின் சீமெந்துத் தரையில் இருந்தது. குளிர்ந்த செடியால் வாங்கும் ஒளியைச் செலவழிக்க இயலாது. மிஞ்சும் ஒளி பச்சையத்தையே அழிக்கும். கஞ்சா வளர்ப்போர் முன்பு எரித்த சோடியம் விளக்கு இலையையும் சேர்த்துச் சூடாக்கும், எல்.இ.டி.க்கு அந்த வெக்கை இல்லை. சோடியத்திலிருந்து எல்.இ.டி.க்கு மாறியபோது அறையை இரண்டு மூன்று பாகை சூடாக வைக்க வேண்டியிருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரரும் சொன்னார்.

அவர் இலையைப் பார்ப்பதற்கு முன்பு எந்த இடத்து இலை என்றுதான் கேட்பார். விளக்குக்கு மிக அருகில் உள்ளவை மட்டும் வெளிறி, ஓரங்கள் தோணிபோல மேல்நோக்கி மடிந்தால் ஒளியின் மீது சந்தேகம். அடியிலுள்ள முதிய இலை முழுதாக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு, ஏனென்றால் செடி அதை அங்கிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்புகிறது. முதிய இலையில் நரம்பு பச்சையாக, இடைவெளி மஞ்சளாக இருந்தால் மக்னீசியம். அதே கோலம் குருத்தில் வந்தால் இரும்பு. இரும்பு இடம் மாறாது. அறுவடை நெருங்கும்போது கஞ்சாவின் அடி இலைகள் பழுப்பது இயல்பே என்பார். ஊதாத் தண்டைக் கண்டு அவர் பயப்படுவதில்லை. அது அந்த வகையின் சுபாவமாகவோ குளிரின் விளைவாகவோ இருக்கலாம்.

நான் விளக்கை 55 சென்டிமீட்டருக்கு உயர்த்தி, 60 விழுக்காட்டுக்குக் குறைத்தேன். தொட்டியின் கீழே ஒரு மரப்பலகை வைத்தேன். லக்ஸ் என்பது நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு. கைபேசியின் ஒளிமானி முன்பு 42,000 லக்ஸ் காட்டியது. வெள்ளை எல்.இ.டி.க்கு அதை 70ஆல் வகுத்தால் ஏறக்குறைய 600 மைக்ரோமோல், அதாவது செடி பயன்படுத்தும் ஒளியின் அளவு. இப்போது 20,000 லக்ஸ் அளவில் நிற்கிறது. துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் நேற்றையும் இன்றையும் ஒப்பிடப் போதும். வெளிறிய இலைகள் திரும்பப் பச்சையாகவில்லை. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் மனம்தான் வெளிறும். ஐந்து வாரத்தில் வந்த புதுக்குருத்து கரும்பச்சையாக இருந்தது.

மூன்றாம் குளிர்காலத்தில் ஞானம் தலைக்கேறியது. இலையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்ததும் ஒளிதான் என்று தீர்ப்பளித்து விளக்கை இன்னும் குறைத்தேன். இரண்டு வாரம் வீணாயிற்று. இலையைக் கவிழ்த்து வெள்ளைத்தாளில் தட்டியபோது, தூசி நடந்தது. சிலந்திப்பேன். வெப்பமூட்டி உலர்த்திய காற்று அவற்றுக்குச் சொர்க்கம். செடியைக் குளியலறைக்குத் தூக்கிச் சென்று, நான்கு நாளுக்கொரு முறை சோப்புக் கரைசலும் பீச்சு நீருமாகக் கழுவினேன். இப்போது தாளில் தட்டாமல் திருகைத் தொடுவதில்லை.

மின்செலவு மாதம் 22 யூனிட் அளவில் வருகிறது. மாலை 7 முதல் காலை 7 வரை எரிப்பதால், நேரத்துக்கேற்ப மாறும் மின்கட்டணத்தில் மலிவு. கறிவேப்பிலைக்கு எந்த 12 மணி நேரமென்றாலும் சரி. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. தழைக்க 18 மணி நேர வெளிச்சம், பூக்க 12 மணி நேர இருட்டு. அந்த இருட்டின் இடையில் ஒரு கதவிடுக்கில் வெளிச்சம் கசிந்தாலும் பதறுவார்.

விளக்கில் எனக்கு ஒரே குறை, தொங்கவிடும் கயிறு. கடந்த பிப்ரவரியில் அதன் பூட்டு வழுக்கி, விளக்கு ஓர் இரவில் ஒரு சாண் இறங்கிவிட்டது. உச்சியில் மறுபடி நான்கு இலைகள் வெளிறின. கயிற்றை எறிந்துவிட்டு இரும்புச் சங்கிலி மாட்டியிருக்கிறேன். அதே விளக்கின் கீழ் நிற்கும் மிளகாய்ச் செடிக்கு மட்டும் அதிக ஒளி வேண்டும் என்பதால், அதை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன்.