இணையவழி உணவூட்டவியல் வகுப்பில் ஃபுட்டேட்டா சென்ட்ரல்: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

கல்லூரி அளவில் உணவூட்டவியலை இணையவழியில் நடத்துபவருக்கு விரிவுரை பெரிய சுமையல்ல. செய்முறை வகுப்புதான் கடினம். புரத அளவைக் கணக்கிட உதவும் கெல்டால் கருவியை மாணவர்களின் வீடுகளுக்கு அனுப்ப இயலாது. அந்தக் குறையை ஓரளவேனும் ஈடுசெய்ய நான் பயன்படுத்திவருவது, அமெரிக்க வேளாண்மைத் துறை 2019 ஏப்ரலில் தொடங்கிய ஃபுட்டேட்டா சென்ட்ரல் என்னும் உணவுச்சத்துத் தரவுத்தளம். இதற்குக் கட்டணம் கிடையாது. தரவுகள் யாவும் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டிருப்பதால், பாடக்குறிப்புகளில் எடுத்தாள அனுமதி கோர வேண்டியதுமில்லை.

ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர்களைக் கேட்க வைப்பதே இதன் தலையாய பயன் என்று கருதுகிறேன். ஒரு பொருளைத் தேடினால், 2018-இல் கடைசியாக வெளியிடப்பட்டு அத்துடன் புதுப்பிப்பு நிறுத்தப்பட்ட 'எஸ்ஆர் லெகசி' அட்டவணை, உணவு நிறுவனங்கள் தரும் லேபிள் விவரங்களைத் தொகுத்த 'பிராண்டட்' பகுதி, ஆய்வகப் பகுப்பாய்வின் விவரங்களோடு வரும் 'ஃபவுண்டேஷன்' பகுதி எனத் தனித்தனியாக விடைகள் கிடைக்கின்றன. இவற்றுள் வகுப்பறைக்கு மிகவும் உகந்தது ஃபவுண்டேஷன் பகுதியே. எத்தனை மாதிரிகள் சோதிக்கப்பட்டன, மிகக் குறைந்த அளவும் மிக உயர்ந்த அளவும் எவை என்பன அங்கே காணக் கிடைக்கின்றன. புரதம் நேரடியாக அளக்கப்படுவதில்லை என்பதையும், நைட்ரஜனை அளந்து பொதுவாக 6.25 ஆலும், அரிசிக்கு 5.95 ஆலும், பாலுக்கு 6.38 ஆலும் பெருக்கிப் பெறுகிறார்கள் என்பதையும் விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பெருக்கல் புரிந்த மாணவருக்கு, 2008-இல் சீனாவில் பாலில் மெலமின் என்னும் வேதிப்பொருள் ஏன் கலக்கப்பட்டது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நைட்ரஜன் மிகுந்த அந்தப் பொருள் சோதனையில் புரதமாகக் கணக்கிடப்படும் என்பதை அவரே கண்டுகொள்கிறார்.

சமைத்த உணவுக்குத் தனிப் பதிவுகள் இருப்பது அடுத்த நன்மை. முந்தைய நாள் உண்டதை எழுதச் சொன்னால் மாணவர்கள் சோற்றின் எடையை எழுதிவிட்டு, அரிசியின் ஆற்றலைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். 100 கிராம் சமைக்காத அரிசிக்குச் சுமார் 365 கிலோகலோரி, அதே எடையுள்ள சோற்றுக்குச் சுமார் 130 கிலோகலோரி என்னும் இரண்டு பதிவுகளையும் திரையில் அருகருகே காட்டினால் அந்தக் குழப்பம் உடனே நீங்குகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுக் கூறு அட்டவணையில் 528 உணவுகள் இருந்தாலும், அவை ஏறத்தாழ எல்லாமே சமைக்காத நிலையில் உள்ளவை என்பதால் இந்த வசதி அங்கே இல்லை.

எனினும், நம் ஊர் உணவுக்கு இத்தரவுத்தளத்தை மட்டும் நம்பியிருப்பது தவறு என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கேழ்வரகைக் கணக்கிட விரும்பும் மாணவர் 'மில்லட்' என்று தேடி, எஸ்ஆர் லெகசியிலுள்ள சமைக்காத சிறுதானியப் பதிவை எடுத்துக்கொண்டால், 100 கிராமுக்கு 8 மில்லிகிராம் கால்சியம் என்றே காண்பார். இந்திய அட்டவணையில் கேழ்வரகின் கால்சியம் 364 மில்லிகிராம். இரண்டு எண்ணும் சரியானவையே, தானியம்தான் வேறு. ஆனால், கர்ப்பிணிக்கோ வளரும் குழந்தைக்கோ உணவுத் திட்டம் வகுக்கப்போகும் ஒருவர் இந்த வேறுபாட்டைக் கவனியாமல் கடந்துபோனால் அவருடைய கணக்கு முழுவதும் பயனற்றுப் போகும்.

முருங்கைக்கீரை இதைவிட நுட்பமான பாடம். இங்கே பொருள் ஒன்றேதான். ஆயினும் அமெரிக்கப் பதிவு 100 கிராமுக்குக் கால்சியம் 185 மில்லிகிராம் என்றும், இந்திய அட்டவணை 314 மில்லிகிராம் என்றும் கூறுகின்றன. வைட்டமின் சி-யும் ஏறத்தாழ இரு மடங்கு வேறுபடுகிறது. மண், இரகம், இலையின் முதிர்ச்சி, பறித்தபின் கழிந்த நேரம் என்று காரணங்களை மாணவர்களே ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கும்போது, இணைய வகுப்புகளில் அரிதாகிவிட்ட உண்மையான விவாதம் எழுகிறது. இந்த ஒரு பயிற்சிக்காகவே இவ்விரு அட்டவணைகளையும் சேர்த்துப் பாடத்தில் வைக்கலாம். ஆற்றலை இந்திய அட்டவணை கிலோஜூலில் தருவதால், அதனை 4.184 ஆல் வகுத்த பின்னரே ஒப்பிட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

குறைகளில் முதன்மையானது, ஒரு நாள் உணவின் மொத்தச் சத்தைக் கூட்டித் தரும் வசதி இதில் இல்லாமை. அதே துறை நடத்திவந்த சூப்பர்டிராக்கர் என்னும் தளம் அப்பணியைச் செய்தது; அது 2018-இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே மாணவர்கள் எண்களை எக்ஸெலில் தாமே இட்டுக் கூட்ட வேண்டியுள்ளது. முதல் பருவத்தில் இது பயனுள்ள உழைப்பு என்றாலும், நோயாளிக்கான உணவுத் திட்டங்களை அடுத்தடுத்து வகுக்கும் மேல்வகுப்புகளில் வீண் சுமையாகிறது. பக்கங்கள் யாவும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழியில் பயின்று வந்தவர்களுக்கு உணவுப் பெயர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துத் தருவதும் ஆசிரியரின் பொறுப்பாகிறது.

இளநிலை மாணவர்களுக்கு இதனைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் உண்டு. ஒப்படைப்பில் உணவின் பெயருக்கு அருகே அந்த எண்ணையும் குறிக்க வேண்டும் என்று விதித்துவிட்டால், மாணவர் எந்தப் பதிவை எடுத்தார், சமைத்ததையா சமைக்காததையா, ஆய்வக அளவையா லேபிள் அளவையா என்பதைத் திருத்தும்போதே சரிபார்த்துவிடலாம்.