மூளைப் பயிற்சி செயலிக்கு ஒரு வருடச் சந்தா: அம்மாவுக்கும் மகனுக்கும் வாங்கிப் பார்த்தோம்

அம்மாவுக்கு 71 வயது. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் "போட்டேனாடா?" என்று கேட்பார். மகனுக்குப் பத்து வயது, டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் சிரமம். 'பலகை'யை 'பகலை' என்று வாசிப்பான், போர்டைப் பார்த்து எழுதும்போது பாதி வரியில் இடத்தைத் தவறவிட்டுவிடுவான். தினமும் 15 நிமிடம் விளையாடினால் நினைவும் கவனமும் கூடும் என்று போட்டிருந்ததை நம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து 2,400 ரூபாய் கட்டினேன்.

செயலி பார்க்க நன்றாகவே இருக்கிறது. எழுத்து பெரிது, விளம்பரத் தொல்லை கிடையாது, அம்மா தானே திறந்து ஆடப் பழகிக்கொண்டார். கவிழ்த்த சீட்டுகளில் ஜோடி தேடும் ஆட்டத்தில் நாலாவது லெவலில் திணறியவர் மூன்று மாதத்தில் பதினொன்றுக்குப் போய்விட்டார், அன்றைக்கு அத்தைக்கு போன் போட்டுச் சொன்னார். ஆனால் மாத்திரைக் கேள்வி மட்டும் மாறவே இல்லை.

அப்புறம்தான் ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன், வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆக்டிவ் என்று ஒரு பெரிய ஆய்வு, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2,800 பேருக்கு மேல். ஒரு குழுவுக்கு நினைவுப் பயிற்சி, ஒன்றுக்கு யோசித்து விடை காணும் பயிற்சி, இன்னொன்றுக்குப் பார்த்ததைச் சட்டென்று பிடிக்கும் பயிற்சி, நாலாவது குழுவுக்கு எதுவும் இல்லை. 2002-இல் வந்த முதல் முடிவு என்ன தெரியுமா? எதைப் பழகினார்களோ அதில்தான் தேறினார்கள். பத்து வருடம் கழித்துச் சோதித்தபோது மற்ற இரண்டின் பலனும் மிச்சம் இருந்தது, நினைவுப் பயிற்சியின் பலன் இல்லை. 2016-இல் லுமாசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆட்டங்களை விற்கும் நிறுவனம், விளம்பரத்தில் ஆதாரமில்லாமல் பேசியதாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் சாட்டிய குற்றத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

மகன் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். செயலியின் ஒரு ஆட்டத்தில் 'ரெட்' என்ற ஆங்கில வார்த்தை நீல நிறத்தில் வரும், வார்த்தையை விட்டு நிறத்தைத் தொட வேண்டும். 1935-இல் ஸ்ட்ரூப் என்பவர் வெளியிட்ட சோதனையின் வழியில் வந்தது இது. வாசிப்பு தன்னால் வருகிறவர்களுக்கு வார்த்தை முந்திக்கொண்டு வரும், அதை அடக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. வாசிக்கவே போராடுகிற பிள்ளைக்கு அந்த மதிப்பெண் எதைக் காட்டுகிறது, மனக்கட்டுப்பாட்டையா, வாசிப்புச் சிரமத்தையா? செயலி அதையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் 'கவனம்: குறைவு' என்று சிவப்பில் காட்டியது. மூன்றாவது நாள் அதைப் பார்த்த பையன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான், அப்புறம் தொடவே இல்லை. எண்களை மனதில் வைத்துக்கொண்டு தலைகீழாகச் சொல்லும் ஆட்டமும் உண்டு. அந்த மாதிரிப் பயிற்சிகளை மொத்தமாக அலசிய 2013 ஆய்வு ஒன்று, அவை வார்த்தைகளை வாசிக்கும் திறனைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்கிறது.

இப்போது சிறப்பு ஆசிரியர் ஒருவர் வாரம் இரண்டு நாள் வருகிறார். தட்டில் ரவையைப் பரப்பி, 'ப', 'ல', 'கை' என்று ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைக்கிறார். மெதுவாகத்தான் போகிறது, ஆனால் போகிறது. அம்மாவுக்கு ஏழு நாளும் தனித்தனிக் கட்டம் போட்ட மாத்திரை டப்பா வாங்கினேன், கட்டம் காலியாக இருந்தால் போட்டாயிற்று, யாரையும் கேட்க வேண்டாம்.

பொழுதுபோக்குக்கு வேண்டுமானால் பெரியவர்களுக்கு ஒரு மாதச் சந்தா கட்டலாம், அம்மா இன்னும் ஆடுகிறார். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்காக வாங்காதீர்கள். வருடச் சந்தா என்றால் வருடம் முடிந்ததும் தானாகவே பணம் எடுத்துவிடும், கட்டின அன்றைக்கே செட்டிங்ஸில் போய் அதை நிறுத்திவிடுங்கள்.