ஸ்போர்ட்ஸ்மெட்ரிக்ஸ் 6 வாரக் குதிப்புப் பயிற்சி: வாலிபால் அணிக்கு எந்த அளவுக்கு உதவும்?

வாலிபால் ஆடும் பெண்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழியும்போது பெரும்பாலும் யாரும் இடித்திருக்க மாட்டார்கள். பிளாக்குக்கோ (வலையருகே எதிரணி அடியைத் தடுப்பது) ஸ்மாஷுக்கோ எகிறிவிட்டுத் தரையிறங்கும் கணத்தில் முட்டி உள்ளே சாய்ந்திருக்கும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் உருவான ஸ்போர்ட்ஸ்மெட்ரிக்ஸ், அந்தக் கணத்தைச் சரிசெய்யவே அமைக்கப்பட்ட பயிற்சி. எவ்வளவு உயரம் எகிறுகிறாள் என்பது இங்கே இரண்டாம்பட்சம். எப்படி இறங்குகிறாள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

வாரம் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். வார்ம்-அப், குதிப்பு, வலுப்பயிற்சி, தசை நீட்டல் எல்லாம் சேர்த்து ஒரு அமர்வு 60 முதல் 90 நிமிடம். 2 வாரத்துக்கு ஒருமுறை கட்டம் மாறும்.

முதல் கட்டம்தான் இதன் உயிர். கையை மேலே தூக்கி முன்பாதத்தில் துள்ளும் சுவர்க் குதிப்பு 20 வினாடி, முட்டியை நெஞ்சுக்கு இழுக்கும் டக் ஜம்ப் 20 வினாடி, 180 பாகை திரும்பிக் குதிப்பது 20 வினாடி, கோனைத் தாண்டிப் பக்கவாட்டில் 30 வினாடி. இரண்டு காலாலும் நீளமாகத் தாண்டுவது 5 முறை. ஒவ்வொரு முறையும் இறங்கிய இடத்தில் 5 வினாடி சிலையாக நிற்க வேண்டும். இரண்டாம் வாரம் பலவற்றுக்கும் 5 வினாடி கூடும், நீளத் தாண்டல் 10 ஆகும். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு போல இருக்கும். ஆனால் அந்த 5 வினாடி நிற்கச் சொன்னால் நல்ல அட்டாக்கர்கள்கூடத் தள்ளாடுவார்கள்.

டக் ஜம்ப்பைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். களைப்பு வந்ததும் முட்டியை மேலே இழுப்பதற்குப் பதிலாக நெஞ்சைக் குனிப்பார்கள். இரண்டு பாதமும் ஒன்றாக விழாமல் தட் தட் என்று இரண்டு சத்தம் கேட்கும். பிறகு முட்டிகள் உரசும். உரசிய உடனே நிறுத்திவிட வேண்டும். மிச்ச வினாடிகளை ஓட்டிமுடிப்பது தப்பான இறக்கத்தையே பழக்கிவிடும். 'முட்டியை வெளியே தள்ளு' என்று கத்துவதும் வேலைக்காகாது. பாதத்தின் வெளிவிளிம்பில் சாய்ந்து நிற்பார்கள், கணுக்கால் போய்விடும். 'சத்தமில்லாமல் இறங்கு, முட்டி கால்விரலுக்கு நேரே இருக்கட்டும்' என்றால் போதும்.

மூன்றாம் கட்டத்தில் வரும் ஒற்றைக்கால் ஹாப், ஹாப், நிறுத்தம் (ஒரே காலில் அடுத்தடுத்துத் தாவிவிட்டு அசையாமல் நிற்பது, ஒரு காலுக்கு 5 முறை) வாலிபாலுக்கு மிகப் பொருத்தம். வலக்கை அட்டாக்கர்களில் பலர் ஸ்மாஷ் அடித்துவிட்டு இடக்காலில்தான் முதலில் இறங்குகிறார்கள். ஆனால் முதல் 4 வாரத்தைச் சுருக்கிவிட்டு இதற்குத் தாவும் கோச்கள் உண்டு. அதற்குப் பேசாமல் செய்யாமலேயே இருக்கலாம்.

பலன் கிடைக்கிறதா என்று பார்க்க இந்த முறையிலேயே ஒரு எளிய சோதனை இருக்கிறது. 30 செ.மீ. பெட்டியிலிருந்து இறங்கி, உடனே முடிந்த மட்டும் மேலே எகிறச் சொல்லுங்கள். நேர் எதிரே வீடியோ எடுங்கள். ஆழமாக இறங்கிய பிரேமை நிறுத்தி, முட்டிக்கு முட்டி உள்ள தூரத்தை இடுப்புக்கு இடுப்பு தூரத்தோடு ஒப்பிடுங்கள். 60 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் முட்டி உள்ளே போகிறது என்று அர்த்தம். இடுப்பெலும்பிலும் முட்டியிலும் ஸ்டிக்கர் ஒட்டாமல் அளந்தால் தொளதொள ஷார்ட்ஸ் ஏமாற்றிவிடும்.

ஆதாரம் என்ன? 1996இல் வெளியான ஆய்வில் 11 உயர்நிலைப் பள்ளி வாலிபால் மாணவிகள் 6 வாரம் செய்ததும், பிளாக் குதிப்பிலிருந்து இறங்கும்போது உடலில் ஏறும் உச்ச விசை 22 சதவீதம் குறைந்தது. எகிறும் உயரமும் சுமார் 10 சதவீதம் கூடியது. 1999இல் 1,263 பேரைப் பின்தொடர்ந்தபோது, பயிற்சி பெறாத பெண்களுக்கு முழங்கால் காயம் பயிற்சி பெற்றவர்களைவிட 3.6 மடங்கு. இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை. பயிற்சி பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாலிபால்காரர்கள், பெறாதவர்களில் பெரும்பாலோர் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடியவர்கள். அந்த இரண்டிலும் ஜவ்வு கிழிவது இயல்பாகவே அதிகம். ஆகவே 3.6ஐ அப்படியே நம்ப வேண்டாம். இறங்கும் விசை குறைந்ததை நம்பலாம்.

பெரிய குறை வேறு. வாலிபாலில் ஆளை மெல்ல மெல்லத் தின்பது முட்டிச் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாண் வலி, அதாவது ஜம்பர்ஸ் நீ. 2005இல் வெளியான நார்வே ஆய்வில் உயர்மட்ட ஆண் வாலிபால் வீரர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு அது இருந்தது. அதற்கு முக்கியக் காரணம் குதிப்பின் எண்ணிக்கை. ஏற்கெனவே தினமும் நூற்றுக்கணக்கில் எகிறும் ஆளுக்கு, சீசன் நடுவில் இதையும் சேர்த்தால் எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு. சீசனுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே தொடங்கி, பயிற்சி நாளில் ஸ்மாஷ், பிளாக் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். சிமென்ட் தரை வேண்டவே வேண்டாம். மரத்தரையோ, மேடுபள்ளம் இல்லாத மண்தரையோ போதும். சிப்பிக்குக் கீழே விரலால் அழுத்தி வலிக்கிறவர்களைக் குதிப்பிலிருந்து விலக்கி, மெதுவான, கனமான வலுப்பயிற்சிக்கு அனுப்புங்கள்.

கணுக்கால் சுளுக்குக்கும் இது பெரிதாக உதவாது. நெட்டடியில் அடுத்தவர் பாதத்தின்மேல் இறங்குவதால்தான் பெரும்பாலும் அது வருகிறது. எவ்வளவு அழகாக இறங்கினாலும் கீழே ஷூ கிடந்தால் கால் புரளும். நார்வேயில் 1990களில் பேலன்ஸ் போர்டு (ஆடும் பலகை) மேல் நிற்கும் பயிற்சி, நெட்டருகே ஓடிவந்து எகிறும் முறை, வீரர்களுக்கு விளக்கம் மூன்றையும் சேர்த்துச் செய்தபோது சுளுக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கடைசி அடியை நீளமாக வைத்து, முன்னோக்கிப் பாயாமல் மேல்நோக்கி எகிறப் பழக்குவதுதான் அதில் முக்கியம். ஸ்போர்ட்ஸ்மெட்ரிக்ஸ் எடுக்கும் அணிகள் இதற்கென்று தனியாக 10 நிமிடம் ஒதுக்க வேண்டியிருக்கும்.