படுக்க வைத்து, எழுப்பி நிற்க வைத்து, பிரஷர் பார்த்தார்கள்

எனக்குப் பல வருஷமாக டைப் 1 சர்க்கரை. அளவு பார்த்துச் சாப்பிட்டு, வழக்கமான இன்சுலினைப் போட்டாலும் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்குகிறது, நடு ராத்திரியில் கிடுகிடுவென ஏறுகிறது. இறங்கும்போது முன்பெல்லாம் வந்த நடுக்கம், படபடப்பு எதுவும் இப்போது வருவதில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு அடைத்துக்கொள்கிறது. நான் இருக்கும் நாட்டில் சர்க்கரை டாக்டர் "தலைசுற்றலுக்கு நரம்பு டாக்டரைப் பாருங்கள்" என்கிறார். மாதக்கணக்கில் காத்திருந்து அவரிடம் போனால் "முதலில் சர்க்கரையைச் சீராக்குங்கள்" என்கிறார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, பதில்தான் இல்லை. சரி, ஊருக்குப் போகும்போது காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் போன இடத்தில் எரிச்சல்தான் மிச்சம். டோக்கன், ஃபைல், வெறும் வயிற்றில் ரத்தம், சாப்பிட்டு வந்து மறுபடி ரத்தம், அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பெரிய டாக்டர் மூன்று மாத சராசரியை (HbA1c) பார்த்தார், 7.1 சதவீதம். "நல்லாத்தானே இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க" என்று அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார். பாதி நேரம் பாதாளத்திலும் பாதி நேரம் உச்சத்திலும் இருந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும்! உடம்பில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சாரின் வரைபடத்தைக் காட்டினால், என் போனில் வெளிநாட்டு அளவான mmol/L-இல் 3.2, 15.4 என்று இருக்கிறது, mg/dL பார்க்கிற அங்கே அந்தக் கணக்குப் பழக்கமில்லை. பதினெட்டால் பெருக்குங்கள், 58-உம் 277-உம் வரும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அப்புறம் உறவுக்காரர் ஒருவர் சொல்லி வேறொரு நரம்பு டாக்டரிடம் போனேன். அவர் ஃபைலைத் திறக்கவே இல்லை, முதலில் டெஸ்ட் அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பொண்ணு என்னைப் படுக்க வைத்து, விளக்கை அணைத்து, கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டுப் பிரஷர் எடுத்தாள். 138/84. "எழுந்து நில்லுங்கக்கா, பேசாதீங்க, நான் பிடிச்சுக்கறேன்." ஒரு நிமிஷத்தில் 116, மூன்றாவது நிமிஷத்தில் 108/70. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே கவனிக்க வேண்டும், எனக்கு மேல் அளவு 30 குறைந்திருக்கிறது. அவ்வளவு இறங்கியும் நாடித் துடிப்பு கூடவே இல்லை. பிறகு அவள் கையை மெல்ல உயர்த்தி இறக்க, அதற்கேற்ப நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை இழுக்கும்போது துடிப்பு ஏறி, விடும்போது இறங்க வேண்டும், அந்த வித்தியாசம் 15-க்கு மேல் இருந்தால் நல்லது. எனக்கு 6.

படுக்க வைத்து எழுப்பிப் பிரஷர் பார்க்க ஒரு பட்டையும் ஒரு கட்டிலும் இருந்தால் போதும்! அத்தனை நவீன மெஷின் வைத்திருக்கும் நாட்டில் என்னை ஒரு தடவைகூடப் படுக்க வைத்து எழுப்பிப் பார்க்கவில்லை, எப்போதும் நாற்காலியில் உட்கார வைத்தேதான் பிரஷர் எடுத்தார்கள். அந்த அறையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதயத் துடிப்பை மூச்சோடு ஏற்றி இறக்கும் வேகஸ் நரம்புதான் வயிற்றையும் அசைக்கிறது. அது பழுதானால் சாப்பாடு வயிற்றிலேயே தேங்கும், இன்சுலின் மட்டும் நேரத்துக்கு வேலை செய்துவிடும், அதனால் முதலில் சர்க்கரை இறங்கும். பல மணி நேரம் கழித்துச் சாப்பாடு நகரும்போது இன்சுலின் தீர்ந்திருக்கும், அதனால் ஏறும். "இது சந்தேகம்தாம்மா, வயிறு காலியாகும் வேகத்தைப் பார்க்கிற ஸ்கேன் எடுத்தால்தான் உறுதி" என்றார். சாப்பிட்டு நாலு மணி நேரத்துக்குப் பிறகும் பத்து சதவீதத்துக்கு மேல் வயிற்றில் மிச்சம் இருந்தால் தாமதம் என்று அர்த்தமாம். சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கும் நாளில் அதை எடுக்கக் கூடாது, ஏறிய சர்க்கரையே வயிற்றை மந்தமாக்கிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு ரிப்போர்ட்டில் என்ன அச்சடித்துக் கொடுத்தார்கள் தெரியுமா? "இயல்புக்கு மாறானது", அந்த ஒரே வரி. எண்களே இல்லை. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் வெளிநாட்டில் எந்த டாக்டரும் சீந்தமாட்டார். கவுன்டரில் "சிஸ்டத்தில் அப்படித்தான் வரும்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைசியில் அந்தப் பொண்ணே வந்து, படுத்திருந்தபோது எவ்வளவு, எந்த நிமிஷத்தில் எவ்வளவு, மூச்சுக்கு எவ்வளவு என்று தன் நோட்டைப் பார்த்துக் கையால் எழுதி சீல் வைத்துக் கொடுத்தாள். ஊரில் டெஸ்ட் எடுப்பவர்கள் தயவுசெய்து எண்களை எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் இங்கே வயிறு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்சுலினைச் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லி நேரத்தை மாற்றியிருக்கிறார்கள், அதை நீங்களாக மாற்றாதீர்கள், ஆளுக்கு ஆள் வேறுபடும். இறங்குவது எனக்கு உறைக்காததால் சென்சார் அலாரத்தையும் 4.4-க்கு உயர்த்தி வைத்திருக்கிறேன். ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 80.