வயலில் ஒரு கேள்வி, ஆலையில் ஒரு கேள்வி: இயற்கை உணவு, கடைச் சரக்கு, பாக்கெட் உணவு

சென்ற மாதம் எங்கள் வீட்டு மளிகை ரசீதை நிதானமாகப் படித்தேன். மாப்பிள்ளைச் சம்பா ஐந்து கிலோ, செக்குக் கடலெண்ணெய் இரண்டு லிட்டர், நாட்டுச் சர்க்கரை ஒரு கிலோ. அவற்றுக்குக் கீழேயே 'ஆர்கானிக்' ராகி பிஸ்கட் நான்கு பாக்கெட். பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பி நானே எடுத்து வைத்தவை. ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தில் இருந்த பட்டியலைப் பார்த்தேன். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில், நான்காவதாகத்தான் ராகி. எடையில் எது அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. அப்படியானால் அந்த ராகி பிஸ்கட்டில் ராகியைவிடச் சர்க்கரைதான் கூடுதல்.

இயற்கை உணவு ஒரு பக்கம், ரசாயன உணவு மறுபக்கம் என்று இரண்டாகப் பிரித்துவிடுவது நமக்குப் பழகிப்போயிற்று. ஆனால் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வயலில் எப்படி விளைந்தது? வயலை விட்டு வந்த பிறகு அதை என்ன செய்தார்கள்? முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். நம் உடம்பைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. மண்ணுக்கும் உழவருக்கும் முதல் கேள்விதான் பெரிது.

அரிசியையே எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளைச் சம்பா ஏறத்தாழ 160 நாள் பயிர். உயரமாக வளரும். தழைச்சத்து மிஞ்சினால் சாய்ந்துவிடும் என்பதால் மூட்டை மூட்டையாக யூரியா போடுவது அதற்கு ஒத்துவராது. இப்படிப்பட்ட ரகங்களை மறுபடி வயலுக்குக் கொண்டுவர இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வாரும், திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமனும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஜெயராமன் 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தார். அவர் திருவிழாவில் இரண்டு கிலோ விதைநெல் வாங்கியவர், அறுவடைக்குப் பின் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

ஆனால் அந்தச் சிவப்பரிசியின் நார்ச்சத்தும் பி1 வைட்டமினும் இருப்பது தவிட்டில். யூரியா போடாததால் வந்தவை அல்ல அவை. அதே மாப்பிள்ளைச் சம்பாவை வெளுக்கும்வரை தீட்டினால் அவை போய்விடும். இயற்கை முறையில் விளைந்த பொன்னியைப் பளபளவென்று தீட்டிச் சோறாக்கினாலும், ரத்தத்தில் சர்க்கரை கடைப் பொன்னியைப் போலத்தான் ஏறும். இதற்கு மறுபக்கமும் உண்டு. கடையில் வாங்கும் சாதாரணப் புழுங்கல் அரிசி, அதே நெல்லின் பச்சரிசியைவிட மேலானது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. புழுக்குவதும் பதப்படுத்துதல்தான். மாவு புளிப்பதும் பால் உறைவதும் வற்றல் காய்வதும் அப்படியே. ஆகவே பதப்படுத்தியதெல்லாம் கெடுதல் என்று பேசுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

காய்கறிக்கு வரும்போது இயற்கை விவசாயம் தெளிவாக வெல்கிறது. அந்த வெற்றி சத்தில் இல்லை, நஞ்சில் இருக்கிறது. 2012-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சத்தில் இயற்கை விளைபொருள் மேல் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றார்கள். பூச்சிமருந்து எச்சம் குறைவு என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். 2014-ல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் 343 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்தவர்கள், இயற்கைப் பயிர்களில் ஆன்டிஆக்ஸிடன்ட் கூடுதல், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு என்றார்கள். பூச்சிமருந்து எச்சம் சாதாரணப் பயிர்களில் நான்கு மடங்கு அடிக்கடி தென்பட்டதாகவும் சொன்னார்கள். சத்து விஷயத்தில் இரு தரப்பும் முரண்பட்டாலும் எச்சம் விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். நான் நம்பிப் பணம் கொடுப்பது அந்த ஒன்றுபட்ட இடத்துக்குத்தான்.

உப்புத் தண்ணீரிலோ புளித் தண்ணீரிலோ ஊறவைத்துக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பது ஓரளவு போகும். இமிடாகுளோபிரிட் போலச் செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்துகளைக் கழுவி எடுக்க முடியாது. அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. நம் தட்டுக்கு வருவது எச்சம். தெளிப்பவரின் தோளில் தொங்குவது முழு டேங்க். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் ஆண்டுக்கணக்கில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். அதைச் சுவாசித்த ஊர்களில் பிறந்த குழந்தைகளின் படங்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அங்கே தலைமுறைக்கும் துன்பப்பட்டவர்கள் அந்த முந்திரியைத் தின்றவர்கள் அல்லர். தோட்டத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள்.

இயற்கை முறையில் மருந்தே அடிப்பதில்லை என்று எண்ணிவிடவும் வேண்டாம். வேப்பங்கொட்டைக் கரைசல், ஐந்திலைக் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் எல்லாம் பூச்சியை விரட்டத்தான். வேப்பங்கொட்டையின் வீரியம் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதே அதன் பலமும் பலவீனமும். உழவர் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டியிருக்கிறது, கூலி ஏறுகிறது, விலையிலும் அது தெரிகிறது.

எண்ணெயில் என் முடிவு அவ்வளவு நேராக இல்லை. ரீஃபைண்ட் எண்ணெய் தயாராகும் விதம் எனக்குப் பிடிப்பதில்லை. பிண்ணாக்கில் மிஞ்சியதையும் ஹெக்சேன் என்ற கரைப்பானால் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு நிறம் நீக்கி, 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாடை போக்குகிறார்கள். கடலையின் மணமும் குணமும் அதில் எங்கே மிஞ்சும்? ஆனால் சரியாகக் காயாத கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது. ஆலைச் சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டினால் அதில் ஒரு பகுதி எண்ணெயோடு வந்துவிடும். கடலை இயற்கையாக விளைந்ததா என்று பூஞ்சை பார்ப்பதில்லை. நான் வழக்கமாக வாங்கிய இடத்தில் ஒருமுறை எண்ணெய் சிக்கு வாடை அடித்தது. கடலையைக் காட்டச் சொன்னேன். மூட்டையின் அடியில் கறுத்துச் சுருங்கிய பருப்பு. அன்றோடு அந்தக் கடையை விட்டேன். இப்போது காய்ந்த பருப்பைக் கண்ணெதிரே கொட்டி ஆட்டித் தருபவரிடம் மட்டும் வாங்குகிறேன். அப்படி ஒருவர் கிடைக்காத ஊரில் இருந்தால் தயங்காமல் ரீஃபைண்ட் எண்ணெயே வாங்குவேன். அதையும் குறைவாக ஊற்றுவேன். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான்.

இனிப்பைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லம் ஹைட்ராஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கக்கூடும். கறுத்த வெல்லத்தை வாங்கி, அதையும் கொஞ்சமாகப் போடுவது நல்லது.

இனி பாக்கெட். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வை நான் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் எளிய சமையல் உணவும் கொடுத்தார்கள். இரண்டு வகைச் சாப்பாட்டிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவுகள் ஏறக்குறைய ஒன்றே. வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினார்கள். அந்த மாவும் எண்ணெயும் சர்க்கரையும் இயற்கை வயலிலிருந்து வந்திருந்தால் விளைவு மாறியிருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மெல்லாமலே கரையும்படி செய்த பண்டம் எந்த வயலில் பிறந்தாலும் மெல்லாமலே கரையும்.

விலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் வாங்கும் இயற்கை அரிசி கடை அரிசியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. பொதுவாக இயற்கை விவசாயத்தில் மகசூல் குறைவு. ரசாயனத்திலிருந்து மாறும் முதல் ஆண்டுகளில் நட்டம் அதிகம். இந்தியச் சான்றிதழ் விதிப்படி ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு மாற்றக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் உழவருக்கு இயற்கை விலையும் கிடைக்காது, பழைய மகசூலும் கிடைக்காது. அதை அவர் தலையில் மட்டும் சுமத்துவது அநியாயம். இலங்கை அரசு 2021-ல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தபோது நடந்ததும் அதுதான். நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. அதே ஆண்டு நவம்பரில் தடையைப் பெரும்பாலும் விலக்கிக்கொண்டார்கள். அங்கே தோற்றது இயற்கை விவசாயம் என்று சிலர் எழுதுகிறார்கள். மண்ணுக்கும் உழவருக்கும் அவகாசமே தராத அவசரம்தான் தோற்றது என்பேன்.

பாக்கெட்டில் இயற்கை உணவுக்கான அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். சிறு உழவர் நேரடியாக விற்கும்போது சான்றிதழ் கட்டாயமில்லை. அவரிடம் என்ன உரம் போட்டார், பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதாரா என்று கேட்பேன். உண்மையாகச் செய்பவர் இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொல்வார்.

இந்த மாதம் ரசீது மாறியிருக்கிறது. பிஸ்கட்டை அடியோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பணம் கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் பச்சை மிளகாய்க்கும் போகிறது. அந்த மூன்றையும் தெரிந்த ஒருவரின் தோட்டத்திலிருந்து மட்டும் வாங்குகிறேன். அரிசி பாதி மாப்பிள்ளைச் சம்பா, பாதி கடைப் புழுங்கல். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் தட்டில் வைப்பது அவித்த கடலை. சந்தையில் வாங்கிய சாதாரணக் கடலைதான் அது. உரம் போட்டுத்தான் விளைந்திருக்கும். நான்கு மாதம் அவர்கள் தின்ற ஆர்கானிக் பிஸ்கட்டைவிட அதை நிம்மதியாகக் கொடுக்கிறேன்.